விழுந்த நாளுக்கு முன்னால்

அத்தியாயம் ஒன்பது

சந்தையிலிருந்து திரும்பும்போது மழைச் சேற்றில் மொபெட் வழுக்கி வெனிங் விழுந்ததும், இடது முட்டிக்குப் பின்னால் வலி பிடித்துக்கொண்டதும், மாமியார் துமினா சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேங்காயெண்ணெயில் போட்டு நீவியதும், நீவ நீவ வலி கூடியதும் வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைசியில் கணவன் சேனோ பிடிவாதம் பிடித்து அவளை சோலோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான். படம் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். போன வாரம் தடித்த ஊசியைச் செருகி, கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் சொல்லும் நாள் இன்று.

வெனிங்கின் பயம் பதில் மட்டுமில்லை. அந்தக் கட்டி மொபெட்டிலிருந்து விழுந்த பிறகு வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. அது புகுந்த வீட்டில் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்று அப்போது கட்டியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள் அத்தை, அப்பாவின் தங்கை. இல்லை என்றாள் வெனிங். "வலிக்கலன்னா வாயத் திறக்காத. முதல்ல கல்யாணம் முடியட்டும்." கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்க நல்ல நாளே வரவில்லை.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொண்டோம் என்று நடுங்கினாள். கல்யாணத்தின் ஐந்தாம் நாள் புகுந்த வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் துமினா அவளைப் பாயில் குப்புறப் படுக்கச் சொல்லி, கல்யாண அலுப்புத் தீர உடம்பு பிடித்துவிட்டாள். அவர்கள் ஊரான டெலாங்கு பக்கத்தில் துமினாவின் கைக்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளை பெற்றவள், சுமை தூக்கி முதுகு பிடித்தவன், பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்று எல்லாரும் அந்தப் பாயில் படுத்து எழுந்தவர்கள்தான். அந்தக் கை தொடையிலிருந்து இறங்கி முட்டிக்கு வந்தபோது வெனிங் தலையணையைக் கடித்துக்கொண்டாள். கட்டைவிரல் கட்டியின் மேல் ஏறியது, இறங்கியது, கெண்டைக்காலுக்குப் போய்விட்டது. நிற்கவே இல்லை. தப்பித்தோம் என்று வெனிங் நினைத்தாள்.

இப்போது ஆஸ்பத்திரிக் கூடத்தில் துமினா பாயை விரித்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய்ப்பால் சோறு, மேலே காரமான சௌசௌ குழம்பு, பொரித்த சோயாத் தெம்பே.

"சாப்பிடு, நுடுக். டாக்டர் என்ன சொன்னாலும் வெறும் வயித்துல கேக்கக் கூடாது."

வந்த நாள் முதல் மருமகளை அவள் நுடுக் என்றுதான் கூப்பிடுகிறாள். பெற்ற பெண்ணைக் கூப்பிடுகிற சொல் அது. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் வெனிங்குக்குள் எதுவோ சுருங்கியது.

"இபு, இது ஆஸ்பத்திரி. விருந்து வீடு மாதிரி கடை பரப்பிட்டீங்க" என்றான் சேனோ அம்மாவிடம்.

"ஏன்லே, ஆஸ்பத்திரிக்கு வந்தா வயிறு லீவு போட்டுடுமா? நீ முதல்ல சட்டைப் பொத்தானப் பாரு. ஒன்னு மாத்திப் போட்டிருக்க."

சேனோ குனிந்து பார்த்தான். மாற்றித்தான் போட்டிருந்தான். வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் அப்படியே வந்திருக்கிறான்.

பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "மருமகளா? என்ன ஆச்சு?"

"மொபெட்லேர்ந்து விழுந்துட்டா."

"எங்க வீட்டுக்காரரு கிணத்தடியில வழுக்கி விழுந்தாரு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். அதோ, அந்தத் தூணுகிட்ட இருக்கே, அந்தப் பொண்ணு கொய்யா மரத்துலேர்ந்து விழுந்துச்சாம்."

அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரும் எங்கேயோ விழுந்தவர்கள்தான். விழாமல் நோய் வந்தவர் என்று ஒருவரைக்கூட அங்கே பார்க்க முடியாது. எலும்புக்குள் எது எப்போது முளைத்தது என்று யாருக்குத் தெரியும்? விழுந்த நாள் தெரியும். அதனால் அதுவே நோயின் பிறந்தநாள் ஆகிவிடுகிறது. விழுந்தவரை முதலில் நீவத்தான் செய்வார்கள். இங்கே யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டும்தான் கதை.

வெனிங்கின் கதையும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. முதல் நாள் டாக்டர், "எப்பேர்ந்து?" என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள், "ரெண்டு மாசமா. விழுந்ததுலேர்ந்து" என்று துமினா சொல்லிவிட்டாள். வெனிங் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவள் சொன்ன பொய். "யாராவது நீவினாங்களா?" என்றார் டாக்டர். "இல்ல" என்று மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அது வெனிங் மாமியாரின் பெயருக்காகச் சொன்னது. அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை.

நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

டாக்டர் அஸ்திரி எலும்புக் கட்டிகளை மட்டுமே பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. வெள்ளை வெளிச்சப் பலகையில் படங்களை வரிசையாகச் செருகி வைத்திருந்தார். மூவரும் உட்காரும்வரை பேசவில்லை.

"நேத்து மூணு பேர் உக்காந்து இதப் பாத்தோம். படத்தப் படிக்கறவரு ஒருத்தரு, துண்ட லென்ஸ்ல பாக்கறவரு ஒருத்தரு, அப்புறம் நான். எலும்புக் கட்டின்னா இங்க யாரும் தனியா முடிவு சொல்லறதில்ல. எல்லாம் ஒத்துப் போகணும். உங்க விஷயத்துல ஒத்துப் போகல."

"ஏன் டாக்டர், அவங்களுக்குள்ள சண்டையா?" என்றான் சேனோ. பயம் வந்தால் அவன் இப்படித்தான் எதையாவது கேட்பான்.

"அவங்களுக்குள்ள இல்ல. அவங்களுக்கும் உங்களுக்கும்" என்று டாக்டர் சிரித்தார். பென்சிலை எடுத்துப் படத்தில் காட்டினார். தொடை எலும்பு முட்டியைத் தொடும் இடம். அதன் பின்பக்கத்தில், மரப்பட்டையில் காளான் ஒட்டியிருப்பதுபோல, வெள்ளையாக ஒரு மேடு. "பாருங்க, எவ்வளவு கெட்டி. இவ்வளவு எலும்பு ரெண்டு மாசத்துல சாதாரணமா வளராது. அடிபட்ட தசையில ரத்தம் கட்டி, அதப் போட்டு நல்லா நீவினா, சில பேருக்கு தசைக்குள்ளயே எலும்பு கட்டும். அது புத்துநோய் இல்ல, விட்டா தானா அடங்கிடும். ஆனா நீங்க நீவலன்னு சொன்னீங்க."

துமினா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அது இல்லன்னா?" என்றாள் வெனிங்.

"அது இல்ல, ஆனா ரெண்டு மாசம்தான்னா, வேகமா ஓடற புத்துன்னு சந்தேகப்படணும். போன வாரம் ஊசி கெட்ட இடத்தத் தொடாம வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்ப காத்திருக்க முடியாது. மறுபடி துண்டு எடுத்து, கடுமையான மருந்து ஏத்தணும். அந்த மருந்து குழந்தை உண்டாகறதப் பாதிக்கலாம், குழந்தை வேணும்னு நெனப்பிருந்தா அதப் பத்தி முன்னாடியே பேசிடணும். காலக் காப்பாத்த முடியுமாங்கறது அதுக்கப்புறம்தான் தெரியும்."



"இன்னொன்னும் இருக்கு" என்று டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "அபூர்வமானது. எலும்போட மேல்பக்கத்துல ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா மெதுவா வளரும். இந்த மாதிரி எலும்புப் புத்து நூறு பாத்தா அதுல நாலோ அஞ்சோதான் இப்படி வரும். முட்டிக்குப் பின்னாலதான் அதுக்குப் பிடிச்ச இடம். அதுவும் புத்துதான், நான் ஏமாத்த விரும்பல. ஆனா முழுசா வெட்டி எடுத்து அந்த இடத்துல உலோகம் வச்சா, பெரும்பாலும் கால் நிக்கும். மருந்தே தேவைப்படாமப் போகலாம். படத்தப் பாத்தா அப்படித்தான் இருக்கு. துண்டப் பாத்தவரும் அதத்தான் எழுத வந்தாரு. ரெண்டு மாசம்னு நீங்க சொன்னதப் பாத்துட்டு பேனாவ மூடிட்டாரு. அதனாலதான் திரும்பக் கேக்கறேன். எப்பேர்ந்து?"

 

வெனிங் தன் காலைப் பார்த்தாள். அந்தக் கால்தான் அவளை வாலிபால் வலைக்கு மேலே தூக்கியது. அவள் துள்ளி அடிப்பதைப் பார்த்துத்தான் சேனோ பெண் கேட்டு வந்தான். கால் போவதைவிட, இந்த இருவர் முன்னால் குட்டு உடைவதுதான் இவ்வளவு நாளும் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. இப்போது நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நாலு வருஷமா" என்றாள்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "வாலிபால் ஆடும்போது ஒரு தடவ விழுந்தேன். அப்ப எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஒரு படம் எடுத்தாங்க. ஒடையல, ஆனா பின்னால என்னமோ இருக்கு, திரும்ப வான்னாங்க. வலிக்கல, நான் போகல. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டாம்னு அத்தை சொன்னாங்க. அத்தை மேல பழி போடல. நானும்தான் மறைச்சேன். மாஸ், உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும்."

மாஸ் என்று கூப்பிட்டாளே தவிர, அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை மாறிப் போன பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியுமே" என்றான் சேனோ.

"என்ன தெரியும்?"

"அங்க கட்டியா ஒன்னு இருக்குன்னு. கல்யாணம் ஆன புதுசுலயே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"எல்லாருக்கும் அங்க ஒரு எலும்பு இருக்கும்னு நெனச்சேன். என் முட்டியத் தடவிப் பாத்தேன். எனக்கு இல்ல. சரி, பொம்பளைங்களுக்கு மட்டும் இருக்கும்போலன்னு விட்டுட்டேன். வேற யார் முட்டியத் தடவிப் பாக்கறது?"

டாக்டர் அஸ்திரி இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெனிங்குக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் துமினா.

அவள் குரல் எப்போதும்போல இல்லை. டாக்டரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். மருமகள் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு மாசம்னு சொன்னது நான். அவ இல்ல. இவ எங்க வீட்டுக்கு வந்த மறுநாளே என் கைக்குத் தெரியும், டாக்டர். கல்லு மாதிரி இருந்துச்சு. கைய நிறுத்தினா இவ பயந்துடுவான்னு நிறுத்தாமப் போயிட்டேன். தலையணையக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. அதுவும் எனக்குத் தெரியும்."

வெனிங் நிமிர்ந்தாள்.

"இவ மறைக்கறான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். புதுசா வந்த பொண்ணு. கேட்டா கூனிக் குறுகிப் போயிடுவா. தெருவுல ஒருத்திக்குத் தெரிஞ்சா, குறையோட வந்தவன்னு ஆயுசுக்கும் பேர் வச்சிருவாளுங்க. சொல்லறப்ப சொல்லட்டும்னு இருந்தேன். இங்க நீங்க கேட்டதும் இவ முகம் செத்துப் போச்சு. அதான் முந்திக்கிட்டு ரெண்டு மாசம்னு சொல்லிட்டேன். இவ காலப் பாத்தா நான் பொண்ணு எடுத்தேன்?"

இதைக் கேட்டதும் வெனிங் அழுதுவிட்டாள். ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று அவளும், மருமகள் வெட்கப்படக் கூடாது என்று மாமியாரும் மாறி மாறிக் காவல் காத்திருக்கிறார்கள்.

"ஆக, ஒரே வீட்ல மூணு பேருக்கும் தெரியும்" என்றார் டாக்டர். "மூணு பேரும் சேந்து என்கிட்ட மட்டும் மறைச்சிருக்கீங்க. இபு, நீவினது?"

"நீவினேன். விழுந்ததுக்கப்புறம் ஒரு மாசம் போல. தெனமும். ரத்தக் கட்டு, கரைச்சிடலாம்னு நெனச்சேன். கரையல. கரையலன்னதும் இன்னும் அழுத்தினேன்." துமினா தன் கைகளை மடிக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. எழுந்து போய்க் கடைசிப் படத்தைச் சரியாகச் செருகினார். குழாய்க்குள் படுத்து எடுத்த படம்.

"அப்ப இதையும் சொல்லிடறேன். கட்டிக்கு நடுவுல இந்த எடத்தப் பாருங்க. மத்த இடம் மாதிரி இல்லாம தனியாத் தெரியுது. இது நீவினதால உள்ள ரத்தம் கசிஞ்ச காயமா இருக்கலாம். இல்லன்னா, மெதுவா வளந்த கட்டி அந்த ஒரு இடத்துல கெட்டதா மாற ஆரம்பிச்சிருக்கலாம். அப்படியும் சில பேருக்கு ஆகும். பாத்து மட்டும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை அந்த இடத்துலேர்ந்தே ஒரு துண்டு எடுக்கறேன். போன தடவ ஊசி போன அதே தடத்துலதான் போவேன். பின்னால ஆப்பரேஷன்ல அந்தத் தடத்தையும் சேத்து வெட்டி எடுத்துடணும், புதுசா ஓட்டை போடக் கூடாது."

"ரத்தமா இருந்தா?" என்றான் சேனோ.

"ரத்தமா இருந்தா, நான் சொன்ன அந்த மெதுவான வகைதான். ஆப்பரேஷனோட முடியறதுக்கு நல்ல வாய்ப்பு. அந்தப் பழைய படம் கெடைக்குமா? நாலு வருஷத்துக்கு முன்னாடியே கட்டி இருந்துச்சுன்னு கண்ணால பாத்துட்டா, அடுத்த கூட்டத்துல பாதி சண்டை தீந்துடும். அதுவரைக்கும் இடது கால்ல யாரும் கை வைக்கக் கூடாது, இபு."

"வைக்க மாட்டேன்" என்றாள் துமினா.

பழைய படம் வோனோகிரியில், வெனிங்கின் அப்பா வீட்டில் இருந்தது. கூடத்துக்கு வந்ததும் சேனோ போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"அந்தப் படமா?" என்றார் அப்பா. "கிரகணம் வந்தப்ப தெருப் பிள்ளைங்க சூரியனப் பாக்கணும்னு கேட்டுச்சுங்க. வெட்டிக் குடுத்துட்டேனே."

வெனிங் கண்ணை மூடிக்கொண்டாள். "எல்லாத்தையுமா, பாக்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"தொடைப் பக்கத்தக் குடுத்தேன். முட்டிப் பக்கம் இருக்கு. கோழிக்கூண்டு ஜன்னல்ல ஆணி அடிச்சு வச்சிருக்கேன், சாரல் அடிக்காம."

"பிடுங்குங்க பாக். வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க."

போனில் கதவு கிறீச்சிட்டது. கோழிகள் இறக்கையடித்துக் கத்தின. ஆணி கழலும் சத்தம் கேட்டது. அப்பா எதையோ திட்டினார், கோழியாகத்தான் இருக்கும். பக்கத்துப் பாய்க்காரப் பெண்ணும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"முட்டி தெரியுது" என்றார் அப்பா. "பின்னால வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு. கட்டைவிரல் நகம் அளவுக்கு. ஆனா கோழி எச்சமா என்னன்னு தெரியல."

"தொடச்சுப் பாருங்க."

"தொடச்சேன்."

"போச்சா?"

"போகல. எச்சில் தொட்டும் தேச்சுப் பாத்துட்டேன், நுடுக். போகவே மாட்டேங்குது."

சேனோ இரண்டு கையையும் தூக்கிக் கத்தியே விட்டான். "என்ன, நல்ல சேதியா?" என்று பக்கத்துப் பாய்க்காரப் பெண் கேட்டாள். "ஆமா! இவளுக்கு நாலு வருஷமா கட்டி இருந்திருக்கு!" என்றான் முகமெல்லாம் பல்லாக. அந்தப் பெண் அவனையும் வெனிங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வெனிங்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினால், மாமியாரைப் பாயில் காணோம். துமினா ஜன்னலோரப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெனிங் காலை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இபு, படத்துல கட்டி இருக்காம். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் இன்னும் என்ன வேண்டிக்கிட்டிருக்கீங்க?"

துமினா வலது கையை விரித்தாள். எண்ணெய் ஊறி ஊறி வழுவழுத்துப்போன கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அந்தத் தனியாத் தெரியற இடம் இந்த விரல் பண்ணின காயமாவே இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டிருக்கேன், நுடுக். ஊரே காறித் துப்பட்டும். இனிமே என் பாயில யாரும் படுக்க வேண்டாம். தப்பு என் கைதான்னு வியாழக்கிழமை சொல்லிட்டாங்கன்னா போதும்."

வெனிங் செருப்பைக் கழற்றினாள். வலது காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். மாமியாரின் கையை எடுத்து அந்தப் பாதத்தின் மேல் வைத்தாள்.

"பாதம் ஜில்லுன்னு இருக்கு, இபு. டாக்டர் இடது காலத்தான் தொடக் கூடாதுன்னாங்க."

அந்தக் கை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு, முதல் தடவை ஒரு பெண்ணின் உடம்பைத் தொடுகிறவளைப்போலப் பயந்து பயந்து, துமினா மெல்லப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.